சக்கரவர்த்தி கொல்லையில் நின்ற பைன் மரம்

சக்கரவர்த்தியின் கொல்லைக்கு மூன்று பக்கம் வழி கிடையாது. பின்னால் மலை, அங்கே வனத்துறை கம்பி போட்டிருக்கிறது. இடப்பக்கம் ஏரிக்கால்வாய், தண்ணீர் இல்லாத காலத்திலும் இடுப்பளவு சேறு இருக்கும். வலப்பக்கம் ஏதோ ஒரு மடத்தின் மதில். அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று அடி அண்ணாமலையில் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் மதிலுக்கு மட்டும் வருஷம் தவறாமல் வெள்ளை அடித்துவிடுவார்கள். நாலாவது பக்கம் இராமலிங்கம்.

கிரிவலப் பாதைக்குப் போக வேண்டுமென்றால் இராமலிங்கத்தின் வரப்பு மேல்தான் போக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக மாடும் வண்டியும் டிராக்டரும் அப்படித்தான் போய்வந்தன. புரட்டாசிக் கடைசியில் ஒருநாள், சக்கரவர்த்தி பல் விளக்கிக்கொண்டே வரப்புக்கு வந்தபோது அங்கே பதினெட்டுக் கல்லுக்கால் நட்டு, ஐந்து வரிசை முள்கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் இராமலிங்கம் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அவன் எருமையின் காதைப் பிடித்துத் தேய்த்தபடியே அதனிடம் சொன்னான்:

"அந்த மரம் எப்ப விழுதோ அப்ப இந்தக் கம்பி அவுரும். இல்லன்னா மூட்டைங்கள காக்கா வந்து தூக்கினு போவட்டும்."

எருமை ஒன்றும் சொல்லவில்லை. சக்கரவர்த்தியின் தகர ஷெட்டில் அறுபது மூட்டை மல்லாட்டை, வெளியூரில் வேர்க்கடலை என்பார்கள், காய்ந்து, தைத்து, அடுக்கி இருந்தது. ஆளென்றால் சேற்றில் இறங்கி நடந்து ரோட்டுக்குப் போய்விடலாம், மூட்டை போகாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஷெட்டின் ஈரத்தில் அத்தனையும் பூசணம் பூத்துவிடும். அதற்குள் கீழ்பென்னாத்தூர் மார்க்கெட் கமிட்டிக்கு விற்க ஏற்றியாக வேண்டும். இராமலிங்கத்துக்கு இது தெரியும். தெரிந்துதான் கல்லுக்கால் நட்டான்.

இரண்டு பேரும் சகலைகள். அவர்களுடைய மாமனார் திரௌபதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மூத்த மகளுக்குத் திரௌபதி என்று பேர் வைத்தார். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததும் அம்மன் கோபித்துக்கொள்ளக்கூடாதென்று அதற்குப் பாஞ்சாலை என்று வைத்தார். மூத்தவளைச் சக்கரவர்த்தி கட்டினார், இளையவளை இராமலிங்கம் கட்டினான், நிலத்தை நடுவில் வரப்பு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். அக்கா தங்கைக்குள் இன்றுவரை ஒரு சொல் ஏறினதில்லை. சகலைகள் நேருக்கு நேர் பேசி ஏழு வருஷம் ஆகிறது. பேச வேண்டியதையெல்லாம் ஜாடையாகப் பேசிக்கொள்வார்கள். இராமலிங்கம் எருமையைப் பார்த்துச் சொல்வான். சக்கரவர்த்தி மரத்தைப் பார்த்துச் சொல்வார். இதில் எருமைதான் மூன்று தடவை மாறியிருக்கிறது.

அந்த மரம் வந்த கதை இது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சக்கரவர்த்தி நானூறு சவுக்கு நாற்று வாங்கி நட்டார். அதில் ஒன்று சவுக்கு இல்லை. நாற்றுக் கட்டில் எல்லாம் பச்சை ஊசியாக, ஒன்றைப்போல ஒன்று இருந்தன. கட்டைப் பிரித்தவருக்கும் தெரியவில்லை, குழி தோண்டியவருக்கும் தெரியவில்லை. சவுக்கு ஊசியைப் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். இது வராது. மூன்று ஊசி ஒரே உறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் நாற்றை யார் இழுத்துப் பார்ப்பார்கள்? திருவண்ணாமலை வெயிலில் பைன் மரம் வளராது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அந்த விஷயம் மரத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது.

ஐந்தாம் வருஷம் சவுக்கை வெட்ட ஆட்கள் வந்தார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் இரண்டு நாளில் விழுந்தன. கடைசி மரத்தில் ரம்பம் பாதி போனதும் பிசின் கசிந்து பிடித்துக்கொண்டது. நாலு பேர் இழுத்தார்கள், பிறகு எட்டுப் பேர் இழுத்தார்கள். சாயங்காலம் ரம்பத்தை மரத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் பட்டை அதை மூடிவிட்டது. ரம்பம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. காற்றடிக்கும்போது மரம் ஊவென்று இரையும். அதற்குள் ஒரு கிர்ர் சத்தமும் கேட்கும்.

மரக்கடைக்காரர் வந்து பார்த்து, இது பைன், வெளிநாட்டிலிருந்து மெஷின் வருகிறதே அந்தப் பெட்டி அடிக்கிற மரம் என்றார். பெட்டிக்கட்டை என்று இராமலிங்கம் ஒரு வாரம் சிரித்தான். தேரடி வீதியில் இருக்கும் நாட்டுமருந்துக் கடைக்காரர் மட்டும் பிசினை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மூட்டுவலிக்குத் தடவுகிற கற்பூர தைலம் இதிலிருந்துதான் வடிக்கிறார்கள், பட்டணத்தில் பெயின்ட் கலக்குகிறவர்களுக்கும் இதுதான் ஆதாரம், வடக்கே மலைக்காரர்கள் இதன் வைரத்தைச் சிம்பாகப் பிளந்து எண்ணெயே இல்லாமல் விளக்கு எரிப்பார்கள் என்றெல்லாம் சொன்னார். சக்கரவர்த்தி எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டார். உபயோகப்படுத்த ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் இராமலிங்கம் இருந்தான்.

சண்டையை ஆரம்பித்தது ஊசிகள்தான். மரம் வரப்புப் பக்கம் சாய்ந்து இராமலிங்கத்தின் களத்தின் மேல் கை நீட்டிக்கொண்டிருந்தது. விழுகிற ஊசி மக்காது, மாடும் தின்னாது, அது மெத்தையாகப் படிந்த இடத்தில் புல்லும் முளைக்காது. இராமலிங்கம் தினம் ஒரு கூடை வாரி வரப்புக்கு இந்தப் பக்கம் கொட்டினான். சக்கரவர்த்தி அதை மாட்டுக் கொட்டகையில் பரப்பினார். மாட்டுக்கு ஈரம் ஏறாமல் நல்ல படுக்கை ஆயிற்று. "தங்கம், கூலி வாங்காம ஒருத்தன் பெருக்கிக் குடுக்கறான் பாரு" என்று மரத்திடம் சொன்னார். மறுநாளிலிருந்து கூடை வரவில்லை.

அதற்குப் பிறகு இராமலிங்கம் ஊசி விழாமலிருக்கக் களத்துக்கு மேலே பெரிய தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டினான். அந்த வருஷம் சித்திரை வெயிலுக்குப் பிசின் உருகி மூன்று வாரம் சொட்டியது. அவிழ்த்து மடித்து வைத்தவன் ஆறு மாதம் கழித்துப் பிரிக்கப் போனான். பிரியவில்லை. சுத்தியலால் தட்டினான், வெந்நீர் ஊற்றினான். தார்ப்பாய் ஒரே கட்டையாக இறுகிவிட்டிருந்தது. இப்போது அதைப் பாஞ்சாலை துணி துவைக்கிற கல்லாக வைத்திருக்கிறாள்.

அதைக் கேட்க இராமலிங்கம் மரத்தாண்ட வந்து நின்றான். காலை ஒன்பது மணிக்கு எருமையைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தவன், எருமை மேய்ச்சலுக்குப் போன பிறகும் நிறுத்தவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சக்கரவர்த்தி சாப்பிடப் போய்விட்டு வந்தார். அவன் அங்கேயே நின்றிருந்தான். ஆத்திரம் ஜாஸ்தி என்று நினைத்தார். விஷயம் அதுவல்ல. இரண்டு செருப்பும் பிசினில் ஒட்டிக்கொண்டு கால் நகரவில்லை. அதை வெளியே சொல்ல மானம் இடம் கொடுக்காமல் அவன் பேசிக்கொண்டே இருந்தான். மூன்று மணிக்குப் பாஞ்சாலை வந்து செருப்பை விட்டுவிட்டு அவனை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போனாள்.

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவருக்கும் இதே கதிதான். தன் ஊர் மரத்தை இங்கே கண்டுவிட்ட சந்தோஷத்தில் அவர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். ஒன்றரை நாள் அப்படியே இருந்தார். தியானம் என்று நினைத்து எதிரில் ஆறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். பைன் பிசின் தண்ணீருக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் போகும் என்று திரௌபதிக்குத் தோன்றியது. வீட்டில் எண்ணெய் கம்மி. வரப்பு தாண்டித் தங்கையிடம் மல்லாட்டை எண்ணெய் வாங்கிவந்து தடவித் தாடியை விடுவித்தாள். தன் வீட்டு எண்ணெய் அந்த மரத்தில் வழிந்தது என்று கேட்ட இராமலிங்கம் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்தக் கார்த்திகைக்குச் சக்கரவர்த்தி மரத்தின் பழைய கிளையொன்றைப் பிளந்து ஒரு முழப் பந்தம் செய்து, இராமலிங்கத்தின் ஜன்னலுக்கு நேரே நட்டுக் கொளுத்தினார். அது ஆறு நாள் எரிந்தது. நடுவில் இரண்டு நாள் மழை பெய்தது, மழையிலும் எரிந்தது. விடிந்துவிட்டதென்று கூவிக் கூவி இராமலிங்கத்தின் சேவலுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. அதன் பிறகு அந்தச் சேவல் சாகும்வரை கூவவேயில்லை, இருமிற்று.

இத்தனை வருஷத்துக்குப் பதிலாகத்தான் இப்போது பதினெட்டுக் கல்லுக்கால்.

மரத்தை வெட்டிவிட்டால் என்ன என்று திரௌபதி கேட்டாள். அவனைத் தவிர வேறு யார் கேட்டிருந்தாலும் வெட்டியிருப்பேன் என்று சக்கரவர்த்தி சொன்னார். அது உண்மை. அந்த மரத்தால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பஞ்சாயத்து பிரசிடென்டிடம் போய்க் கம்பியைப் பற்றிச் சொன்னார். இருவரும் உறவுக்காரர்கள், பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். கிராம நிர்வாக அலுவலர் சர்வேயரைப் பார்க்கச் சொன்னார். சர்வேயர் தை மாதம் வருவதாகச் சொன்னார். மூட்டை தை மாதம் வரை தாங்காது. ஷெட்டுக்குள் போய் மூட்டையில் கை வைத்துப் பார்ப்பதும், வெளியே வந்து கம்பியைப் பார்ப்பதுமாக ஒன்பது நாள் போயிற்று.

இராமலிங்கத்தின் மல்லாட்டை அப்போதுதான் களத்துக்கு வந்திருந்தது. சக்கரவர்த்தி விதைத்த அன்று தானும் விதைக்கக்கூடாதென்று அவன் வருஷாவருஷம் பதினைந்து நாள் தள்ளித்தான் விதைப்பான். அதனால் பதினைந்து நாள் தள்ளித்தான் பிடுங்குவான். ஆய்ந்து கொட்டிய காய் களம் நிறையப் பரந்து கிடந்தது.

சக்கரவர்த்திக்கு மரத்தைப் பற்றி ஒரு விஷயம் தெரியும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மரம் மூன்று வருஷமாகக் காய்க்கிறது. கட்டையில் செதுக்கின தாழம்பூ மாதிரி, அடுக்கடுக்காகச் செதில் வைத்த காய். முதல் வருஷம் திரௌபதி அதைக் குழம்பு வைத்துப் பார்த்தாள். மூன்று நாள் வேகவைத்ததில் பாத்திரம்தான் நெகிழ்ந்தது, காய் நெகிழவில்லை. தூக்கிப் போட மனமில்லாமல் ஷெட் ஜன்னலில் வைத்தார். வெயிலடித்தால் அது செதிலை விரித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் ஏறினால் மூடிக்கொள்ளும். வானம் கறுப்பதற்கு அரை நாள் முன்னாலேயே மூடிவிடும். டிவியில் மழை என்று சொல்லி, காய் விரிந்திருந்தால் மழை வராது. மூன்று ஐப்பசி பார்த்துவிட்டார், ஒருதரம்கூடத் தப்பவில்லை.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு ஷெட்டுக்குப் போனபோது பைன் காய் இறுக மூடிக் கிடந்தது. வெளியே வந்து பார்த்தார். வானத்தில் ஒரு பஞ்சு இல்லை. மலை உச்சிவரை பளிச்சென்று தெரிந்தது. களத்தில் இராமலிங்கம் காலால் மல்லாட்டையைத் துழாவிவிட்டுக்கொண்டிருந்தான்.

அவர் திரும்பி வந்து நிதானமாக ஒரு சொம்புக் கூழ் குடித்தார். நல்ல சந்தோஷமாக இருந்தது. திரௌபதி அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, என்ன சேதி என்று கேட்டாள். சொன்னார். அது என் தங்கச்சி ஒரு வருஷம் கஞ்சி குடிக்கிற மல்லாட்டை, போய்ச் சொல்லாவிட்டால் இந்த வீட்டில் இனி உலை வைக்கமாட்டேன் என்று அவள் சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

சக்கரவர்த்தி கம்பியாண்ட போய் நின்றார். மரத்தைப் பார்த்துச் சொன்னால் குத்தலாகப் படும். கொஞ்சம் யோசித்தார். பிறகு ஏழு வருஷத்தில் முதல் தடவையாக இராமலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார். முன்னைவிட வயதாகியிருந்தது.

"சகல, மழ வருது. மல்லாட்டைய அள்ளு."

இராமலிங்கம் அசந்துபோய் நின்றான். வானத்தைப் பார்த்தான். சக்கரவர்த்தியைப் பார்த்தான். இவன் நேராகப் பேசுகிறான் என்றால் இதில் பெரிய சூது இருக்கிறது என்று அவனுக்கு விளங்கிவிட்டது. எருமையிடம் போனான்.

"கேட்டியா? அள்ளி மூட்டை கட்டிட்டா பச்சக் காயி உள்ள வெந்து பூடும். அதுக்குத்தான் வந்து சொல்றாரு பெரிய மனுஷன்."

அன்றைக்கு அள்ளாததோடு விட்டானா என்றால் இல்லை. வீட்டுக்குள் கட்டி வைத்திருந்த விதை மல்லாட்டையையும் கொண்டுவந்து களத்தில் கொட்டி விரித்தான். சக்கரவர்த்தி பார்க்கும்படி விரித்தான்.

அவன் அள்ளமாட்டான் என்று தெரிந்துதான் நேராகச் சொன்னீர்களா என்று திரௌபதி பிற்பாடு கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை என்று மட்டும் சக்கரவர்த்தி பதில் சொன்னார்.

இரண்டரை மணிக்கு மலைக்குப் பின்னாலிருந்து மேகம் வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, மலையே எழுந்து முன்னால் நகர்ந்த மாதிரி இருந்தது. ஒரு சொட்டு கையகலம் விழுந்தது. இராமலிங்கமும் பாஞ்சாலையும் முறத்தால் வாரிக் குவித்தார்கள். மூடுவதற்கு அவனிடம் இருந்த ஒரே தார்ப்பாய் கல்லாகக் கிடந்தது. வீடோ களத்தின் அந்தக் கோடியில். கூரை போட்ட இடமென்று பக்கத்தில் இருந்தது கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்த தகர ஷெட் ஒன்றுதான். குவியலின் அடியில் தண்ணீர் புகுந்து, காய்கள் மிதந்து கால்வாயைப் பார்க்கப் போக ஆரம்பித்தன.

சக்கரவர்த்தி ஷெட் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். இராமலிங்கம் நனைந்து கம்பியாண்ட வந்தான். எருமை எங்கேயோ இருந்தது.

"சகல. ஷெட்டத் தொற."

"தொறக்கறேன். உள்ள எடம் எங்க கீது? அறுவது மூட்டை. அது வெளிய போனாத்தான் இது உள்ள வரும்."

இராமலிங்கம் கம்பியைப் பார்த்தான். களத்தைப் பார்த்தான்.

"வேணும்னே பண்ற நீ."

"மழையவா?"

இராமலிங்கம் போய் வெட்டுக்கத்திரி கொண்டுவந்தான். தான் இழுத்துக் கட்டிய ஐந்து கம்பியையும் தானே வெட்டினான். ஒவ்வொரு கம்பியும் அறுந்து சுருண்டு அவன் மேலேயே பாய்ந்தது. கல்லுக்காலுக்கும் கல்லுக்காலுக்கும் நடுவில் எட்டடி. அதில் தன் டிராக்டரையும் டிரெயிலரையும் ஓட்டிக்கொண்டு வந்து ஷெட் வாசலில் நிறுத்தினான். சக்கரவர்த்திக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் அது இல்லை. அதனால் அறுபது மூட்டையையும் இராமலிங்கமே முதுகில் ஏற்றினான். மூட்டைக்கு ஒரு வசவு வைத்துக்கொண்டு ஏற்றினான். அறுபது வசவில் ஒன்றுகூட இரண்டாம் தடவை வரவில்லை. சக்கரவர்த்தியே கேட்டிராதது அதில் பதினொன்று இருந்தது.

மூட்டைகளின் மேல் மூட சக்கரவர்த்தியிடம் தார்ப்பாய் இருந்தது. இராமலிங்கம் அதைப் பார்த்தான், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

உள்ளே இடம் விழுந்ததும் அக்காளும் தங்கையும் ஷெட் தரையில் பைன் ஊசியை முழங்கால் உயரம் பரப்பி, அதன் மேல் நனைந்த காயைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மூட்டையை ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்று இராமலிங்கம் கணக்குப் போட்டிருந்தான். ரோடு வந்ததும் சக்கரவர்த்தி மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். களத்தில் பாதி இன்னும் மழையில் கிடக்கிறது, ஷெட்டுச் சாவி என் மடியில் இருக்கிறது, கீழ்பென்னாத்தூர் போய்த் திரும்புகிற வரைக்கும் திரௌபதி கதவைத் திறந்து வைத்திருப்பாள், இல்லையென்றால் இப்போதே போய்ப் பூட்டிவிடுவேன் என்று விளக்கினார். இராமலிங்கம் ஓட்டினான். மழையில் ஒன்றரை மணி நேரம். கமிட்டி வாசல் வந்தது. அங்கே மூட்டையை இறக்கியதும் இராமலிங்கம்தான். பார்த்தவர்கள், நல்ல சகலை கிடைத்திருக்கிறார் என்று சக்கரவர்த்தியிடம் சொன்னார்கள்.

திரும்பும்போது இராமலிங்கம் வண்டியை வரப்பு முனையில் நிறுத்தினான்.

"காலைல கம்பி கட்டிடுவேன்."

"கட்டு. உன் காயி எந்தப் பக்கம் கீதுன்னு பாத்துக் கட்டு."

காலையில் அவன் கம்பி கட்டவில்லை. அதற்குப் பதில் ஒரு பெரிய பூட்டைக் கொண்டுவந்து, சக்கரவர்த்தி காயைத் தின்றுவிடுவார் என்று ஷெட் கதவில் மாட்டினான். சக்கரவர்த்தி தன் பூட்டைப் பக்கத்தில் மாட்டினார். கம்பி அறுந்த இடத்துக்கு இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி இரும்பு போட்டு ஒரு கேட் வைத்தார்கள். அதற்கும் அவன் பூட்டு ஒன்று, இவர் பூட்டு ஒன்று. இரண்டு சாவியும் விழாமல் எதுவும் திறக்காது. காய் காய இருபது நாள் ஆயிற்று. அதற்குள் இராமலிங்கத்துக்கு ஷெட்டின் சௌகரியம் பிடித்துவிட்டது. உரமூட்டையைக் கொண்டுவந்து வைத்தான், மருந்தடிக்கிற மெஷினை வைத்தான். காய் போன பிறகும் பூட்டு போகவில்லை. தினம் காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் கேட்டுக்கு வருவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தன் தன் பூட்டைத் திறந்துவிட்டுப் போவார்கள். டிராக்டர் போகும், வரும்.

மார்கழியில் ஒருநாள் சக்கரவர்த்திக்கு நல்ல காய்ச்சல், எழுந்திருக்கவில்லை. இராமலிங்கம் கேட்டுக்கு முன்னால் நின்று ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை திட்டினான், எருமையைப் பார்த்தல்ல, பேர் சொல்லித் திட்டினான். ஒவ்வொரு வசவும் காதில் விழ விழச் சக்கரவர்த்திக்கு வியர்த்தது. எட்டே காலுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எழுந்து தலையணைக்கு அடியில் சாவியைத் தேடினார்.